கடலடிப் பாசியும் ஐந்து மா நிலமும்

மூன்று வருஷங்களுக்கு முன், ஆடி மாதம் இருபத்தாறாம் தேதி காலை ஏழே காலுக்கு என் தங்கை போன் செய்தாள். நேரம் வரைக்கும் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அவள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் நாளை வருஷாவருஷம் ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். அன்று அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். தண்ணீர் வந்துவிட்டது, இன்னும் கலங்கல்தான், மடைக்கு ஏறவில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப்போகிற குரலில் கேட்டாள்.

"அண்ணே, கடலுக்கு அடியிலேர்ந்து எடுத்த கல்லாம். பொடி பண்ணி பத்து மூட்டை வந்து எறங்கியிருக்கு. வயலுக்குப் போடச் சொல்றாங்க. போடலாமா?"

"யாரு எறக்குனது?"

"தம்பிதான்."

தம்பி என்று அவள் சொன்னது இறந்துபோன என் மைத்துனரின் சித்தப்பா மகனை. மஸ்கட்டில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்து, நன்னிலம் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறவர். அவர் பெயரைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்கு முன் அவர் எங்கள் குடும்பங்களுக்குள் கொண்டுவந்த சாமான்கள் மூன்று. முதலாவது, இடுப்பு வலிக்குக் காந்தம் வைத்த மெத்தை. இரண்டாவது, எல்லா வியாதிக்கும் ஒரே பழச்சாறு. மூன்றாவது, குழாய்த் தண்ணீரைக் 'கட்டமைத்து'த் தரும் ஒரு கண்ணாடிக் குடுவை. மூன்றின் துண்டுப் பிரசுரங்களும் என்னிடம் இருக்கின்றன, வாங்கிய தேதியை மூலையில் குறித்திருக்கிறேன். மெத்தை இப்போது மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது.

"நான் வந்து பாக்கற வரைக்கும் ஒரு பிடிகூடப் போடாதே" என்றேன்.

அந்த வருஷம் ஒரு பிடி மண்ணுக்குக்கூட அவள் வீட்டில் மதிப்பு இருந்தது. அவளுடைய ஐந்து மா நிலத்தை, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகமானதை, கணவர் இறந்த பிறகு அவருடைய அண்ணன்தான் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். அந்தச் சித்திரையில் அவள் அதைத் திருப்பிக் கேட்டாள். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் நாள் முழுவதும் சும்மா உட்கார முடியவில்லை, நானே சாகுபடி செய்கிறேன் என்றாள். பெரியவர் மறுக்கவில்லை. ஒரு சம்பா பார், சரிப்பட்டு வரவில்லை என்றால் பழையபடி என்னிடமே விட்டுவிடு என்றார். அவளும் ஒப்புக்கொண்டாள். நாலு பேர் முன்னால் சொன்ன பேச்சு. ஒரே ஒரு சம்பா. அது தவறினால் நிலம் திரும்ப அவள் கைக்கு வராது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினேன். மூட்டைகள் கூடத்தில் சுவரோரமாக அடுக்கியிருந்தன. வெள்ளைச் சாக்கு, நீல எழுத்து. 'கடல் தாவரக் கால்சியம்' என்று பெரிதாகவும், 'கடலில் உள்ள எல்லாச் சத்தும் இதில் உண்டு' என்று கீழே சிறிதாகவும் அச்சிட்டிருந்தது. ஒரு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளினேன். ரவைக்கும் நொய்யரிசிக்கும் இடைப்பட்ட பருமன். வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம். அங்கங்கே மங்கலான ரோஜா நிறத்தில் துணுக்குகள். மோந்து பார்த்தால் கருவாட்டுச் சந்தையைத் தாண்டிப் போகும்போது வருமே, அப்படி லேசாக ஒரு வாடை.

"இத்தனையும் என்ன சொல்லிக் குடுத்தாரு?"

"சும்மாதான் குடுத்தாரு. போட்டுப் பாருங்க அண்ணி, நல்லா வந்துதுன்னா நாலு பேருக்குச் சொல்லுங்கன்னாரு."

சும்மா கொடுத்தார் என்றதும் சந்தேகம் இரண்டு மடங்கானது. காந்த மெத்தையைக்கூட அவர் யாருக்கும் சும்மா கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் உரம் வாங்குகிறவர் யாரும் மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுவதில்லை. டி.ஏ.பி. என்றால் நாலு குருணையை உள்ளங்கையில் வைத்து, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கொஞ்சம் சேர்த்துக் கசக்கி மூக்கருகே கொண்டுபோவார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அசல். யூரியாவைத் தண்ணீரில் கரைத்து டம்ளரைத் தொட்டுப் பார்ப்பார்கள், சில்லிட வேண்டும். விதை நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை வழிப்பார்கள். அசலா போலியா என்பதுதான் கடைக்குப் போகிற எவருக்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான்.

சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழம் கேட்டேன். ஒரு தட்டில் பொடியைப் பரப்பிச் சாற்றைப் பிழிந்ததும் நுரைத்துப் பொங்கியது. தங்கை முகம் மலர்ந்தது.

"அசல்தானே அண்ணே?"

"இரு. கோலமாவு எடுத்துட்டு வா. முட்டை ஓடு இருந்தா அதையும்."

வெள்ளைக்கல் பொடியான கோலமாவும் நுரைத்தது. முட்டை ஓடும் நுரைத்தது. வெற்றிலைப் பெட்டியிலிருந்த கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஏதோ கொஞ்சம் காட்டியது. சுண்ணாம்புச் சத்து உள்ள எதுவும் புளிப்புப் பட்டால் நுரைக்கும். ஆகவே அந்தச் சாக்கில் கடல் தாவரம் இருக்கலாம், கல் குவாரித் தூசியும் இருக்கலாம். தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு மருந்துப் பாட்டிலில் பொடியை நிரப்பி, தேதி எழுதி ஒட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கடலைப் பற்றி நான் படித்தது எல்லாமே கரையில் உட்கார்ந்து படித்ததுதான். இருந்தாலும் இப்படி ஒரு பாசி உண்டு என்பது முன்பே தெரியும். சிவப்புப் பாசி வகையில் சில, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை இழுத்துத் தம் உடம்பையே கல்லாக்கிக்கொள்கின்றன. தொட்டால் கல், உடைத்தால் கல், ஆனால் உயிருள்ள செடி. வெயில் எட்டும் ஆழத்தில், எதிலும் ஒட்டிக்கொள்ளாமல், கிளைகிளையான சிறு முடிச்சுகளாகக் கடலடியில் பரவிக் கிடக்கும். அலை உருட்ட உருட்ட எல்லாப் பக்கமும் சமமாக வளரும். உயிரோடு இருக்கையில் ரோஜா நிறம், செத்தால் வெள்ளை. ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். அப்படி வளர்ந்தவை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து, செத்ததன்மேல் உயிருள்ளது படர்ந்து, சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலான படுகையாகிவிடும். அந்த முடிச்சுகளின் சந்துபொந்துகளில் மீன்குஞ்சுகள், இறால், நத்தை, சிப்பி என்று ஒரு ஊரே குடியிருக்கும். வடக்கே பிரான்சின் கரையிலும் அயர்லாந்திலும் தலைமுறை தலைமுறையாக அதை அள்ளி வயலுக்குப் போட்டிருக்கிறார்கள். மாட்டுத் தீவனத்தில் கலக்கிறார்கள். குடிதண்ணீர் வடிகட்டியில் நிரப்புகிறார்கள். எலும்புக்கு மாத்திரையாக விழுங்குகிறார்கள். நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து இவ்வளவும் குறிப்பெடுத்தேன். மண் புளித்துப்போகும் மழை நாடுகளில் அதைப் போடுகிறார்கள் என்பதும் அந்தக் குறிப்பில் இருந்தது.

அப்படியொரு சாமான் எங்கோ குளிர் நாட்டுக் கடலிலிருந்து நன்னிலம் கடைத்தெரு வரைக்கும் சும்மா கொடுக்கிற விலைக்கு எப்படி வந்து சேரும்? ஆவணி நான்காம் தேதி கடைக்குப் போய் அதைத்தான் கேட்டேன்.

"வாங்க மச்சான், வாங்க. டீ சொல்லட்டுமா?"

"டீ இருக்கட்டும். இது எந்தக் கடல்ல எடுத்தது?"

"வெளிநாட்டுது மச்சான்."

"எந்த வெளிநாடு?"

"கம்பெனிக்காரன் அனுப்புறான். நான் என்ன முத்துக் குளிக்கவா போனேன்?" என்று சிரித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார். "பொடியைப் பாத்தா யாரும் நம்ப மாட்டேங்கறாங்கன்னு முழுசாவே அனுப்பியிருக்கான். பாருங்க."

பாட்டிலுக்குள் பத்துப் பன்னிரண்டு முடிச்சுகள். இஞ்சித் துண்டைச் சின்னதாக்கி வெள்ளையடித்தால் இருக்கும், அப்படி. காய்ந்திருந்தாலும் நுனிகளில் ரோஜா நிறம் மிச்சமிருந்தது.

"இதுல ரெண்டு எடுத்துக்கறேன்."

"எடுத்துக்குங்க. மெத்தையை மனசுல வெச்சுக்கிட்டுத்தானே மச்சான் பேசறீங்க?"

"மெத்தையை மாட்டுக்குப் போட்டாச்சு."

"மாடு நல்லா இருக்குல்ல?"

முடிச்சு அசலாக இருந்தாலும் மூட்டைக்குள் இருப்பது அதுதான் என்பதற்கு என்ன சாட்சி? பாட்டிலில் ஒன்றைக் காட்டி மூட்டையில் ஒன்றைக் கொடுப்பது எங்கும் நடக்கிறதுதானே. கடையிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், பத்து மூட்டையிலும் கை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து மூட்டைக்கொரு பிடி எடுத்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினேன்.

திரும்பும்போது வயல் பக்கம் பெரியவர் நின்றிருந்தார். வரப்பில் புல் செதுக்கி அண்டை கழித்துக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு இரண்டு வயது மூத்தவர், எப்போதும் பாதி கேலியாகவே பேசுகிறவர்.

"என்ன மச்சான், பையில பொட்டலம் பொட்டலமா? மருந்துக் கடை வெச்சிருக்கீங்களா?"

"கடல் பொடி. உங்க தம்பி குடுத்தது. நீங்க போடலையா?"

"எனக்கு எதுக்கு? நம்ம கெணத்துத் தண்ணிய ஒரு மாசம் காய்ச்சுங்க, பாத்திரத்துல வெள்ளையாப் பிடிச்சிருக்கும். மண்ணுலயும் அதேதான். இருக்கறது பத்தாதுன்னு கடல்லேர்ந்து வேற கொண்டாரணுமா?"

"அப்ப அவளுக்கு மட்டும் எதுக்குக் குடுத்தாரு?"

"அவனைக் கேளுங்க. புதுசா வெவசாயம் பண்றவங்கதானே புதுசு புதுசா வாங்குவாங்க." சிரித்துவிட்டு மறுபடி வரப்புக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில் எழுதிய வரி இது: 'பெரியவர் தன் வயலுக்குப் போடவில்லை. தம்பிக்காரர் அவருக்குக் கொடுக்கவுமில்லை. கவனிக்க.' இரண்டு பேரும் ஒரே வீட்டு ரத்தம். சம்பா தவறினால் நிலம் யாரிடம் திரும்பிப் போகும் என்பதையும் அதற்குக் கீழே எழுதி இரண்டு கோடு போட்டேன். கும்பகோணம் வருவதற்குள் முழுக் கதையும் என் மனதில் தயாராகிவிட்டது. அண்ணன் சொல்லித் தம்பி ஏதோ கலப்படத்தை இறக்கியிருக்கிறார், பயிர் கெட வேண்டும், நிலம் திரும்ப வேண்டும். இனி நிரூபித்தால் போதும்.

நிரூபிக்க ஆள் தரங்கம்பாடிப் பக்கம் கிடைத்தார். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மையார். லூத்தரன் சபைக் குடும்பம். வீட்டு மாடியில் கடல்பாசிகளைத் தாளில் ஒட்டி அடுக்கி வைத்திருந்தார், நான் தேதிகளை அடுக்குவது போல. அதைப் பார்த்ததும் எனக்கு அவரிடம் நம்பிக்கை வந்துவிட்டது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் நாள், கரையின் பெயர், அலையின் நிலை எல்லாம் இருந்தது.

முடிச்சை ஒரு அரத்தால் ராவி, மெல்லிய சில்லாக்கி, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். பிறகு எழுந்து என்னை உட்காரச் சொன்னார்.

"பாருங்க சார். செங்கல் கட்டடம் மாதிரி தெரியுதா? வரிசை வரிசையா?"

தெரிந்தது. அவ்வளவு ஒழுங்கான சுவரை மனிதர் கட்டியும் நான் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு செங்கல்லும் ஒரு செல். சுவர்லதான் சுண்ணாம்பு. இது செடிதான். இப்ப உங்க பொட்டலத்தைக் குடுங்க."

பத்துப் பொட்டலத்தையும் பார்க்க மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் அவர் கேழ்வரகு அடையும் காப்பியும் கொடுத்தார். ஒவ்வொன்றாக முடித்து, "இதுவும் அதேதான்", "இதுவும்" என்று சொல்லச் சொல்ல, எனக்கு நிம்மதி வருவதற்குப் பதிலாக ஒருவித ஏமாற்றம் வந்தது. ஏழாவது பொட்டலத்தில் கொஞ்சம் மணல் இருந்தது. கலப்படம் அகப்பட்டுவிட்டதென்று எனக்கு ஆசை எழுந்தது. அவர் சிரித்தார். "கடலடியில மணல் இல்லாம வேற என்ன சார் இருக்கும்? எல்லாமே சுத்தமான சரக்கு. சுத்தமா இருக்கறதுதான் எனக்கு வருத்தம்."

"ஏம்மா?"

"உங்க விரல் நகம் அளவு இருக்கே, இதுக்கு எத்தனை வயசுன்னு நெனைக்கிறீங்க? இதை மூட்டை மூட்டையா அள்ளினா, அந்த இடம் மறுபடி அப்படி ஆகறதுக்கு யாரும் உயிரோட இருந்து பாக்கப் போறதில்லை. சரி, இது எதுக்கு உங்களுக்கு?"

"அசலா போலியான்னு தெரியணும். அவ்வளவுதாம்மா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். இன்னும் ஏதோ கேட்க வந்தவர் போல் இருந்தது. அதற்குள் நான் நோட்டை மூடிப் பையில் வைத்து, கைகூப்பி எழுந்துவிட்டேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தும் எழுந்துவிட்டேன்.

ஆவணி பதினேழாம் தேதி தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். "பத்து மூட்டையும் அசல். ஒரு துளி கலப்படம் இல்லை."

"அப்ப போடட்டுமா அண்ணே?"

"அசல்தான்னு சொல்றேனே."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நான் எதையும் யோசிக்கவில்லை. கலப்படம் இல்லை என்று தெரிந்த பிறகு என் வேலை முடிந்துவிட்டதாகவே நினைத்தேன். அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள். மூன்று வாரமாகத் தன் வயலுக்கு வராத தண்ணீருக்காகக் காத்திருந்த பெண், என் பதிலுக்காகவும் காத்திருந்தவள்.

கடைசி உழவுக்கு முன் பத்து மூட்டையையும் இறைத்து, பரம்படித்துச் சமப்படுத்தி, புரட்டாசி ஆறாம் தேதி நடவு. நடவு ஆட்கள் பதினெட்டுப் பேர். அன்று நானும் போயிருந்தேன். நாற்று நல்ல உயரம், நல்ல பச்சை. பெரியவர்கூட வரப்பில் நின்று, "பரவாயில்லையே, கோடு பிடிச்சமாதிரி நட்டிருக்காங்க" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது.

புரட்டாசி கடைசியில் அவள் போன் செய்தாள். குரல் வற்றியிருந்தது.

"அண்ணே, அடி இலையெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி இருக்கு. வளரவும் இல்லை. திட்டுத் திட்டா அப்படியே நிக்குது. பக்கத்துல பெரியத்தான் வயல் கரும்பச்சையா இருக்குண்ணே."

அன்றே போனேன். அவள் சொன்னது குறைவுதான். இலைகளில் பழுப்புப் புள்ளிகள் கூடிக் கூடி, தூரத்திலிருந்து பார்த்தால் பழைய தகரத் தகடு போலிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியவரின் பயிர் காற்றில் படிந்து எழுந்துகொண்டிருந்தது. ஒரே வாய்க்கால், ஒரே தண்ணீர், ஒரே விதை.

என் மனதில் தயாராக இருந்த கதை மறுபடி எழுந்தது. நான் பொட்டலம் எடுத்த பிறகு மூட்டைகளை மாற்றிவிட்டார்கள். அல்லது மடையில் எதையோ கலந்துவிட்டார்கள். மிச்சமிருந்த காலிச் சாக்குகளை உதறி மறுபடி ஒரு பிடி சேர்த்துக்கொண்டு, தங்கையிடம் சொல்லாமலே கடைத்தெருவுக்குப் போனேன்.

"என்ன கலந்தீங்க?" என்று கேட்டேன். கடையில் இரண்டு பேர் விதை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நான் என்ன கலக்கறது? மைக்ராஸ்கோப்புல வெச்சு நீங்கதானே பாத்தீங்க? பத்து மூட்டையும் அசல்னு அண்ணிகிட்ட சொன்னது நீங்கதானே? அதைச் சொல்லித்தான் மச்சான் நான் வடக்குத் தெருவுல ரெண்டு பேருக்குக் குடுத்தேன். படிச்ச மனுஷன் சோதிச்சிருக்காருன்னு." விதை வாங்க வந்தவர்களில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ரெண்டு பேரு இப்ப என்னைய வந்து கேக்கறாங்க. நான் யாரைக் கேக்கறது?"

படி இறங்கினேன். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க முயன்றேன், முடியவில்லை.

மறுநாள் வேளாண்மை உதவி அலுவலர் வயலுக்கு வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும் பெண். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கி ஒரு தூரைப் பிடுங்கினார். இலையின் நடு நரம்பை அடிப்பக்கத்தில் விரலால் துடைத்துப் பார்த்தார். அங்கே வெளுத்திருந்தது.

"ஜிங்க் சல்பேட் அடியுரமாப் போட்டீங்களாம்மா?"

"இல்லீங்க. இதுலயே எல்லாச் சத்தும் இருக்குன்னு மூட்டையில போட்டிருந்துச்சு."

"எதுல?"

தங்கை வீட்டுக்குள் போய் ஒரு காலிச் சாக்கை எடுத்துவந்தாள். அலுவலர் அதைப் படித்துவிட்டு, சாக்கின் மூலையில் ஒட்டியிருந்த பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார்.

"இது சுண்ணாம்பும்மா. மலைப்பக்கம், அமிலம் ஏறிப் புளிச்ச மண்ணா இருந்தா நல்ல சாமான். உங்க மண்ணு அதுக்கு நேர் எதிர், ஏற்கனவே களர் பக்கம் சாஞ்ச மண்ணு. சுண்ணாம்பு ஏறஏற ஜிங்கு பயிருக்கு எட்டாது. வழக்கமாப் போடற ஜிங்கையும் நிறுத்திட்டீங்க. ரெண்டும் சேந்துபோச்சு. மண்ணு பரிசோதனை பண்ணிப் பாத்தீங்களா?"

"மண்ணைப் பாக்கலை. பொடியைத்தான் பாத்தோம். அண்ணன் பாத்து அசல்னு சொன்னாங்க."

அவள் என்னைக் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். அலுவலர் என்னைப் பார்த்து, "அசல்தான் சார்" என்றார். "அசல் இல்லாம வெறும் மண்ணா இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

அன்று நோட்டைப் புரட்டினேன். 'மண் புளித்துப்போகும் மழை நாடுகளில்' என்று என் கையெழுத்தில் இருந்தது. பெரியவர் போடவில்லை என்று எழுதிய நான், ஏன் போடவில்லை என்று அவர் வாயாலேயே சொன்னதை எழுதவில்லை. அவர் சொன்ன சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்ததில், சொல்லைக் கேட்கத் தவறியிருந்தேன். தரங்கம்பாடி அம்மையார் கேட்க வந்த கேள்வியும் அனேகமாக இதுவாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு இன்றுவரை நான் எழுதவில்லை.

ஜிங்க் சல்பேட்டும் யூரியாவும் கரைத்து இலைவழி தெளிக்கச் சொன்னார்கள். வாரம் விட்டு மறுவாரம், இரண்டு தடவை. தண்ணீரை வடித்துக் கொஞ்சம் காயப்போடவும் சொன்னார்கள். ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டிருந்தது. தெளிப்பான் வாடகைக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் காலை பெரியவர் தன் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, கேட்காமலே வந்து நின்றார்.

நான் அருகில் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் கேட்டேன். "டேங்க்ல என்ன?"

அவர் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டின் கிழித்த மூலையை எடுத்து நீட்டினார். "படிச்சுக்குங்க மச்சான். தயாரிச்ச தேதியும் போட்டிருக்கான், எழுதிக்குங்க."

தங்கை அதைக் கேட்டுச் சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்தது அன்றுதான். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, தண்ணீர் கலக்கிக் கொடுக்க இறங்கினாள். முதல் பாத்தி முடிகிறவரை நான் வரப்பில் நின்றிருந்தேன். இரண்டாவதுக்கு நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் தூக்கினேன்.

மழை மூன்று நாள் பொறுத்தது. புது இலைகள் பச்சையாக வந்தன. பழைய இலைகள் பழுப்பாகவே நின்று உதிர்ந்தன. தூர் கட்டிக் கிளைப்பதில் பின்தங்கியது பின்தங்கியதுதான். தை மாதம் இருபத்திரண்டாம் தேதி அறுப்பு இயந்திரம் இறங்கியது. பெரியவர் வயலில் கண்ட விளைச்சலில் முக்கால் பங்கு அவள் வயலில் கண்டிருக்கும். கதிர் மணி பிடித்திருந்தது, பதர் அதிகமில்லை. அவ்வளவு மோசமில்லை என்றும் சொல்லலாம், தவறிவிட்டது என்றும் சொல்லலாம். அந்த நாலு பேரும் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

களத்தில் நெல் குவித்தபின் பெரியவர்தான் பேச்சை எடுத்தார். "என்னம்மா முடிவு?"

அவர் அதை எப்படிக் கேட்டார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நிலத்தைக் கேட்கிற குரலா, அவள் வாயிலிருந்தே வரட்டும் என்று வழிவிடுகிற குரலா. என்னால் பிரிக்க முடியவில்லை.

"முக்கால் வந்திருக்குத்தான்" என்றாள் தங்கை. "அந்தக் கால் பங்கு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். தெரியாமப் போயிருந்தா உங்ககிட்டயே விட்டிருப்பேன் பெரியத்தான். அடுத்ததும் நானே பண்றேன்."

பெரியவர் தலையாட்டினார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பண்ணு. ஆனா உங்க அண்ணன் டெஸ்ட் பண்ண வந்தா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பு" என்று என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

அறுப்புக்கு ஒன்பது நாள் கழித்து நான் போனபோது அவள் வயலில் இருந்தாள். அலுவலர் சொல்லிக்கொடுத்தபடி, காய்ந்த தாளை ஒதுக்கி, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஆங்கில 'வி' மாதிரிக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். வரப்போரம் விட்டு, எருக்குவி கிடந்த இடம் விட்டு, மரத்தடி விட்டு, பத்து இடம். எல்லாவற்றையும் ஒரு சாக்கின்மேல் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி பிரித்தாள். எனக்குக் கை பரபரத்தது.

"நான் கலக்கட்டுமா?"

"வேண்டாம்ணே. உங்க கையில வேர்வை இருக்கு" என்றாள், நிமிராமல்.

துணிப்பையில் அள்ளிக் கட்டி, அன்று மதியமே மண் பரிசோதனைக்குக் கொடுக்கத் திருவாரூர் பஸ்ஸுக்குப் போனாள். கூட வருகிறேன் என்றேன். வெயிலாக இருக்கிறது, வீட்டில் மோர் இருக்கிறது, குடித்துவிட்டு இருங்கள் என்றாள். பஸ் கிளம்பும்வரை சாலையோரம் நின்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் ஏதோ கேட்டார், பையைத் தூக்கி மேலே வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவள் தலையாட்டி மறுத்தாள்.